ஊர்ப்பெயரோடு அழைக்கப்படுகிறவர்கள்

வடசென்னை மூலக்கொத்தளம் இடுகாட்டில் நடராசனும் தாளமுத்துவும் அருகருகே கிடக்கிறார்கள். 1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அதை எதிர்த்து மறியல் செய்து சிறைக்குப் போனவர்கள் இவர்கள். நடராசன் சென்னை ஆதிதிராவிட இளைஞர். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள், மறுத்துவிட்டார். சிறையில் நோயுற்று, 1939 சனவரி 15 அன்று பொது மருத்துவமனையில் இறந்தார். கும்பகோணத்திலிருந்து வந்த தாளமுத்து நாடார் அதே ஆண்டு மார்ச்சில் இறந்தார்.

சாதிக்கொரு சுடுகாடு வைத்திருந்த நாட்டில் இந்த இருவரையும் ஒரே மண்ணில் சேர்த்துப் புதைத்தார்கள். அங்கே பேசப்பட்ட எந்த அனல் பேச்சையும்விட இந்தச் செயலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இறுதி ஊர்வலத்தில் தோளோடு தோள் உரசி நடந்தவர்களுக்கு, வீடு திரும்பும்போது தங்களைத் தமிழர் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது.

மொழிப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களுக்கான வீரவணக்க நாள் இப்போது சனவரி 25. நடராசனும் தாளமுத்துவும் இறந்தது அந்தத் தேதியில் அல்ல. 1964இல் அந்த நாளில் திருச்சி ரயில் நிலையத்தின் முன் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார். அடுத்த ஆண்டு அதே நாளில்தான் மதுரையில் இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலம் கலவரமாக வெடித்தது. கால் நூற்றாண்டு இடைவெளி கொண்ட சாவுகளை ஒரே நாளில் கட்டிப்போட்டது வழக்கம்தான். அதனால் 1939இல் பிறந்தேயிராத பிள்ளைகளும் அந்த இழப்பைத் தம் வீட்டு இழப்பாகச் சுமந்தார்கள்.

நானும் அப்படிச் சுமந்தவள். அப்பா பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளி. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் தம்பியையும் மூலக்கொத்தளத்துக்கு அழைத்துப் போவார். ஒருவர் மொழிக்காக உயிர்விட்டவர்களின் பெயர்களைப் படிப்பார்: கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன், ஐயம்பாளையம் வீரப்பன், கீரனூர் முத்து, விராலிமலை சண்முகம், பீளமேடு தண்டபாணி. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "வீரவணக்கம்!" என்று முழங்கும். பெயரோடு சாதி வராது, ஊர்தான் வரும். விராலிமலையை நான் பார்த்ததேயில்லை. ஆனாலும் அங்கே எங்களுக்கு உறவுக்காரர் ஒருவர் இருந்தார் என்றே அந்த வயதில் நம்பினேன். தமிழ்நாட்டின் நிலப்படத்தைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலில்தான் கற்றேன். முழக்கம் எழும்போது அப்பாவின் குரல் கம்மிப்போகும். அவரைப் பார்த்து எனக்கும் அழுகை வரும்.

அந்த அழுகைதான் எங்களைச் சேர்த்தது. அதைக் கொச்சைப்படுத்த யாரையும் நான் விடமாட்டேன். ஆனால் சேர்த்த சடங்கே பிரிக்கவும் செய்தது. திராவிடக் கட்சி உடைய உடைய ஒவ்வொரு கட்சியும் தனித்தனிக் கொடியோடு, தனித்தனி நேரத்தில் வந்து மாலை போட்டது. முதலில் இறந்தவர் நடராசன். எழும்பூரில் அரசு கட்டிய மாளிகைக்கோ தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். ஆதிதிராவிட இளைஞரின் பெயர் பின்னுக்குப் போனது ஏன் என்று தலித் எழுத்தாளர்கள் கேட்டபோது சிலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அது கேட்கவேண்டிய கேள்வியாகவே படுகிறது.

பெண்களும் அப்படித்தான் பின்னுக்குப் போனார்கள். அந்த முதல் போராட்டத்தில் தண்டனை பெற்றவர்களில் 73 பேர் பெண்கள். தாய்மாரோடு 32 குழந்தைகளும் சிறை சென்றன. 1938 நவம்பரில் மறியல் செய்து கைதான டாக்டர் தருமாம்பாளின் நினைவிடமும் இதே மூலக்கொத்தளத்தில் இருக்கிறது. அப்பாவோடு போன காலத்தில் அவர் பெயரை அங்கே கேட்டதாக எனக்கு நினைவில்லை. இப்போது பேத்தியை அழைத்துப் போகும்போது முதலில் தருமாம்பாளிடம் போகிறோம். அங்கிருந்துதான் நடராசனிடம்.