108, 999, 995: சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் தேவைப்படும்போது

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருவோர் மனத்தில் பதிந்திருக்கும் எண் 108. அங்கு 2008 முதல் அதுதான் ஆம்புலன்சுக்கான எண். மலேசியாவில் காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 999. சிங்கப்பூரில் 999 காவல்துறைக்கு மட்டுமே. ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் 995ஐ அழைக்க வேண்டும். பதற்றத்தில் விரல் பழைய எண்ணைத்தான் தேடும். ஜோகூரிலிருந்து தினமும் வந்துபோகும் மலேசியர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் எளிதாக நேரலாம். 995ஐக் கைப்பேசியில் பதிந்து வைத்தால் மட்டும் போதாது, அறையில் உடன் தங்குபவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

அழைத்தவுடன் கேட்கப்படுவது இடம். சிங்கப்பூரில் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாக ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டு. தெருப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாவிட்டாலும் அந்த ஆறு எண்களைச் சொன்னால் கட்டடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் புளோக் எண், மாடி, வீட்டு எண். தங்குவிடுதி என்றால் எந்த வாயில் வழியாக வரவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பெரிய விடுதிகளில் வாகனம் வாசலுக்கு வந்த பிறகு அறையைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். ஒருவரைக் கீழே அனுப்பி மின்தூக்கியைப் பிடித்து வைக்கச் சொல்வது நல்லது. கட்டுமானத் தளத்துக்கு நிலையான முகவரி இருக்காது. அருகிலுள்ள கட்டடத்தின் குறியீட்டையும் நுழைவாயில் இருக்கும் சாலையின் பெயரையும் மேற்பார்வையாளர் முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

“நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, ரத்தம் வருகிறதா” என்று தொடர்ந்து கேட்பார்கள். முதலில் வண்டியை அனுப்புங்கள் என்று சிலர் எரிச்சலில் தொடர்பைத் துண்டித்துவிடுகிறார்கள். அது தவறு. உயிராபத்தா, சிறு காயமா என்று பிரித்தே உதவி அனுப்பப்படுகிறது. அந்தப் பதில்களை வைத்துத்தான் அதை முடிவு செய்கிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் கவலை வேண்டாம். “நோ பிரீதிங்”, “செஸ்ட் பெயின்” போன்ற இரண்டு மூன்று சொற்கள் போதும்.

மூச்சும் அசைவும் இல்லை என்றால், இதய இயக்க மீட்பு சிகிச்சையை எப்படிச் செய்வது என்று தொலைபேசியிலேயே வழிநடத்துவார்கள். கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வீவக புளோக்குகளின் கீழ்த்தளங்களில் ஏஇடி கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. அது குரலில் கட்டளை சொல்லும். மூடியைத் திறந்து அது சொல்கிறபடி செய்தால் போதும். 2015ல் அறிமுகமான ‘மைரெஸ்பாண்டர்’ செயலி, அருகில் யாருக்கேனும் மாரடைப்பால் இதயம் நின்றுவிட்டால் பக்கத்தில் இருக்கும் தொண்டூழியர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. நம் ஊழியர்களும் அதைப் பதிவிறக்கம் செய்யலாம்.

வேலையிடத்தில் யாராவது விழுந்துவிட்டால் லாரியில் ஏற்றிக்கொண்டு போவது இன்னமும் சில இடங்களில் நடக்கிறது. முதுகெலும்பிலோ கழுத்திலோ அடி இருந்தால் அப்படித் தூக்குவதே நிரந்தர முடக்கத்துக்குக் காரணமாகலாம். நெஞ்சுவலிக்கும் இதே கதைதான். ஆம்புலன்சில் வரும் துணை மருத்துவர்கள் அங்கேயே இசிஜி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள், சிகிச்சைக் குழு முன்கூட்டியே தயாராகும். டாக்சியில் போனால் அந்த வாய்ப்பு இல்லை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு குழறினால் “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தூங்கப் போகக்கூடாது. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கட்டணப் பயமும் பலரைத் தயங்க வைக்கிறது. உண்மையான அவசரத்துக்கு 995 ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. அவசரமில்லாதது என்று மருத்துவமனையில் முடிவானால் இருநூறு வெள்ளிக்கு மேல் கட்டணம் வரும். 2019 ஏப்ரல் முதல் அத்தகையவர்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதில்லை என்றும் குடிமைத் தற்காப்புப் படை அறிவித்தது. லேசான காய்ச்சல், வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்குச் செல்வது போன்றவற்றுக்கு 1777 வழியாகத் தனியார் ஆம்புலன்ஸ் கிடைக்கும். அதற்குக் காசு நாம்தான் கொடுக்க வேண்டும். விலையை முன்கூட்டியே கேளுங்கள்.

மருத்துவமனையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பொருத்தமான அருகிலுள்ள மருத்துவமனைக்கே கொண்டு செல்வார்கள். ஜோகூர் பாருவுக்குக் கொண்டு போங்கள் என்று மலேசிய ஊழியர்கள் கேட்டாலும் 995 வண்டி எல்லை தாண்டாது.

ஆம்புலன்ஸ் இலவசம், மருத்துவமனை இலவசமல்ல. வெளிநாட்டினருக்கு அரசாங்க மானியமோ மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியோ இல்லை. வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் வைத்திருப்போருக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். 2023 ஜூலைக்கு முன் அது 15,000 வெள்ளியாக இருந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதையும் பகல்நேர அறுவை சிகிச்சையையும் இது கவனிக்கும். வேலையிடக் காயம் என்றால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் தனி. எனவே விழுந்தது எங்கே, எப்படி என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். “அறையில் வழுக்கியது” என்று யாராவது சொல்லச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எம்பிளாய்மென்ட் பாஸ்காரர்களுக்கு அப்படிக் கட்டாயக் காப்புறுதி கிடையாது. எனக்குப் பெரிய கவலை, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகைப் பாசில் வந்து மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர்தான். மகனின் நிறுவனக் காப்புறுதியில் பெரும்பாலும் அவர்கள் பெயர் இருக்காது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவருக்குப் பயணக் காப்புறுதி எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு இழப்பீடு உண்டா என்ற வரியைப் படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் இல்லை என்றுதான் எழுதியிருக்கும்.

கடப்பிதழ் நகல், சாப்பிடும் மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, முதலாளியின் கைப்பேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். ஆம்புலன்சில் ஏறும்போது அதைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.