திருநீர்மலை வட்டாரத் தொழிலும் வேலையும்

மலைமேல் அரங்கநாதர் கோயில் கொண்ட திருநீர்மலை, 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. இவ்வட்டாரத்தில் ஆலை வேலையைத் தொடங்கிவைத்தது தோல்தான். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் கம்பெனி. நாகல்கேணி, பம்மலில் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின, கிணற்றுநீர் கெட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் ஆலைகளுக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் கடிவாளமிட்டது.

1984இல் தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த ஏற்றுமதி மண்டலம், ஊர் வழக்கில் ‘மெப்ஸ்’, 2003 முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம். ஷிப்ட் முடிந்ததும் சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ரயிலுக்கு விரையும் பெண்களே அதன் முதுகெலும்பு. இங்கு தைக்கும் ஆயத்த ஆடைக்கு வங்கதேசமும் வியட்நாமும் போட்டி. மண்டலத்துக்குள்ளேயே மென்பொருள் அலுவலகங்களும் உண்டு. தையல் மேசையிலிருந்து கணினிக்கு மாறுவதோ, சொல்வதுபோல் எளிதன்று. ஒப்பந்த வேலையில் இருப்பவருக்குப் பயிற்சிச் செலவை ஏற்க யாரும் முன்வருவதில்லை.