கொச்சியில் அச்சேறிய ஞானோபதேசம்: கேள்வி–விடை வழிவந்த கத்தோலிக்க ஒழுக்கக் கல்வி (1544–1868)

கத்தோலிக்க விசுவாசத்தைக் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் உரிய அன்றாட ஒழுக்கமாகப் பயிற்றுவிக்கும் முயற்சி தென்னிந்தியக் கடற்கரையில் வளர்ந்த வரலாற்றில் கொச்சி இரண்டு முகங்களோடு தோன்றுகிறது. போர்த்துக்கீசியர் 1503இல் கோட்டை எழுப்பிக் குடியேறிய கடலோரக் கொச்சி ஒன்று. அதை அடுத்து, மன்னரின் அரண்மனையும் மிளகு வணிகமும் சூழ்ந்திருந்த மட்டாஞ்சேரி மற்றொன்று. முன்னதில் மறைக்கல்வி தமிழில் அச்சு நூலாயிற்று. அக்கல்வியை நடத்தும் உரிமை யாருக்கு என்ற வழக்கு, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் மட்டாஞ்சேரியில் வெடித்தது.

முத்துக்குளித்துறைப் பரதவரின் தலைவர்களான பட்டங்கட்டிகள் சிலர் 1530களின் நடுவில் கொச்சிக்கு வந்து திருமுழுக்குப் பெற்றனர். அவர்களைத் தொடர்ந்து கரையோர ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றபோதிலும், அவர்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்க மொழியறிந்த குருக்கள் இல்லை. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இக்குறையை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை, கொச்சியிலிருந்து 1544 ஜனவரி 15 அன்று அவர் எழுதிய மடல் விரிவாகக் கூறுகிறது. இருமொழியும் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைத் திரட்டிக் கற்பித்த அவர், அச்சிறுவர்களையே பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஆசிரியர்களாக்கினார். நோயாளியின் வீட்டுக்குத் தாம் செல்ல இயலாதபோது சிறுவர்களை அனுப்பி, வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல வைத்தார். குரு ஊரைவிட்டு நீங்கிய பின்னும் கல்வி நிற்காதிருக்க, உள்ளூர்ப் பொதுநிலையினரான கணக்கப்பிள்ளைகள், அதாவது பிற்காலத்தில் உபதேசியார் எனப்பட்டோர், ஊதியத்தோடு அமர்த்தப்பட்டனர். போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென இக்கரை மக்கள் செலுத்திவந்த பணத்தையே அந்த ஊதியத்துக்குத் திருப்பிவிடச் சவேரியார் கேட்டார் என்பது, முத்து வருவாய் எங்கெல்லாம் சென்றது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

வாய்மொழியாக இயங்கிய இம்முறைக்கு எழுத்து வடிவம் தந்தவர், 1546இல் இந்தியாவுக்கு வந்து 1600இல் மறையும் வரை தம் வாழ்நாளில் பெரும்பகுதியை முத்துக்குளித்துறையில் கழித்த சேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கசு ஆவார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 16 பக்கங்களில் வெளிவந்தது. அடிப்படைச் செபங்களும் கட்டளைகளுமே அடங்கிய அச்சிறு நூலைவிட, 1579 நவம்பர் 14 அன்று கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ கல்வி வரலாற்றில் பெரிதும் கவனிக்கத்தக்கது. போர்த்துக்கீசியத் துறவி மார்கோஸ் ஜோர்ஜ் இயற்றிய ஞானோபதேச நூலைத் தழுவிய அது, ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வினா–விடையாக அமைந்தது. நூல் கையில் இருக்கும் ஒருவர் உரக்க வினவ, எழுத்தறியாத பலர் விடை கூறுவதற்கு ஏற்ற வடிவம் அது. எனவே அது படிப்பவருக்கென எழுதப்பட்டது என்பதைவிட, உபதேசியாரின் நாவுக்கென எழுதப்பட்டது என்பதே பொருந்தும். அச்சு வாய்மொழியை அகற்றிவிடும் என்ற பொதுக் கருத்து இங்கே செல்லாது. அச்சுப் புத்தகம் வாய்ப்பாடத்தின் காவலாகவே பணிபுரிந்தது.

அடுத்த ஆண்டே, 1580இல், கொச்சியில் அச்சான ‘கொம்பெசியொனாயரு’ இக்கல்வியை மனச்சான்றின் எல்லைக்குள் கொண்டுசென்றது. பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பாவங்களைக் குருவிடம் தனிமையில் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் அருளடையாளம். மொழி அறியாத குரு துபாசியை நடுவில் வைத்துக் கேட்டால் அத்தனிமை குலைந்துவிடும் என்பதால், தமிழில் அதை நடத்துவது என்றிக்கசின் நீண்டநாள் அக்கறையாக இருந்தது. பத்துக் கட்டளைகளை ஒட்டி ஒருவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளும் முறையில், களவு என்பது பிறர் பொருளை எடுப்பதோடு நிற்காமல் கொடுக்கல் வாங்கல் வரை விரிகிறது. கோயிலில் ஒப்பித்த கட்டளை இவ்வாறு கடைத்தெருவிலும் வீட்டு முற்றத்திலும் அளவுகோலாகிறது.

சிரிய வழிபாட்டு மரபில் வந்த கேரளத் தோமாக் கிறிஸ்தவரிடையே இதே நோக்கம் வேறு வழியில் சென்றது. கோவா பேராயர் அலெய்சோ தெ மெனெசெஸ் 1599 ஜூனில் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் ஓணத்தில் பங்கேற்பது, தீண்டல் விலக்கு, வட்டி, பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தொடும் சத்தியச் சோதனை ஆகியவற்றைப் பற்றியெல்லாம் விதிகள் வகுத்தது. அவற்றுள் சில இன்றைய நோக்கிலும் நியாயமானவையே. ஆயினும், பழைய சிரிய நூல்களை எரித்தும் திருத்தியும், அர்க்கதியாக்கோன் எனப்பட்ட உள்ளூர்த் தலைமைக் குருவின் அதிகாரத்தைச் சுருக்கியும் வந்த ஒரு கையிலிருந்தே அவை வந்தன. சிரிய ஆயர் அகத்தல்லாவைப் போர்த்துக்கீசியர் தடுத்துவைத்த செய்தி பரவியபோது, 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்ட மக்கள், சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றியபடி, சேசு சபையாருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தனர் என்பது மரபு. கூனன் குரிசு சத்தியம் எனப்படும் அது சபையாரை மட்டும் மறுத்ததா, உரோமையையே மறுத்ததா என்பதில் இன்றும் சபைகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், ஒழுக்க விதிகளைக் காட்டிலும் அவற்றை விதிக்கும் வாயே அன்றைய சிக்கலாயிற்று என்பதை மறுக்க இயலாது.

டச்சுக்காரர் 1663இல் கொச்சியைக் கைப்பற்றியபின் கோட்டைக்குள் கத்தோலிக்க நிறுவனங்கள் நிலைகுலைந்தன. மறைக்கல்வி கர்மேல் சபையார் வழியே வராப்புழையை மையமாகக் கொண்டு தொடர்ந்தது. அச்சபையைச் சேர்ந்த கிளெமெண்ட் பியானியுஸ் தொகுத்து 1772இல் உரோமையில் அச்சான ‘சம்க்ஷேப வேதார்த்தம்’, மலையாள எழுத்தில் அச்சான முதல் நூலாகக் கருதப்படுவது, மீண்டும் குரு–சீட வினா–விடையையே மேற்கொண்டது. கொச்சித் தமிழ் நூலுக்கு 193 ஆண்டுகள் பின்வந்த அது, அவ்வடிவின் வலிமைக்குச் சான்றாகும்.

அவ்வடிவைக் கைவிட்ட நூல் 1868இல் தோன்றியது. கோயில்தோறும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வலியுறுத்திய கேரளக் குரு குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா, தம் சொந்த ஊரான கைநகரியின் மக்களுக்கு ‘ஒரு நல்ல அப்பனின் சாவருள்’ (இறுதி மொழி) என்ற பெயரில் எழுதிய அறிவுரையில் வினவும் ஆசிரியரும் இல்லை, ஒப்பிக்கும் மாணவரும் இல்லை. இயன்றவரை கடன் வாங்காதிருக்கவும், வழக்குமன்றம் ஏறாதிருக்கவும், கூலியாளின் கூலியைக் காலம் தாழ்த்தாது கொடுக்கவும், பிள்ளைகளை இளமையிலேயே பள்ளிக்கு அனுப்பவும் ஒரு தகப்பன் தன் வீட்டாரிடம் சொல்லிச் செல்லும் பேச்சாகவே அது அமைந்திருக்கிறது.