புயல் அடிச்சா வெளியே கிளம்புவார்! - ஸ்காட்லாந்து ஓவியர் ஜோன் எர்ட்லி

கடல்ல புயல்னா எல்லோரும் கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள இருப்பாங்க. ஜோன் எர்ட்லி (1921-1963) அப்போதான் பெயின்ட்டையும் பலகையையும் தூக்கிக்கிட்டு கடற்கரைக்குக் கிளம்புவார். ஸ்காட்லாந்தின் நிலத்தையும் கடலையும் வரைந்தவர்களில் மிக முக்கியமானவர் இவர்.

தச்சு வேலை டு தூரிகை

பிறந்தது இங்கிலாந்தின் சசெக்ஸில், ஒரு பால் பண்ணையில். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். இரண்டாம் உலகப் போர் நேரத்துல குடும்பம் ஸ்காட்லாந்துக்குக் குடியேற, 1940-ல் கிளாஸ்கோ கலைப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடிஞ்சதும் கொஞ்ச நாள், படகு கட்டும் இடத்துல தச்சு வேலை!

பிறகு கிளாஸ்கோவில் டவுன்ஹெட் என்ற ஏழைகள் பகுதியில் ஸ்டூடியோ. தெருவில் விளையாடுற குழந்தைகளைக் கூப்பிட்டு உட்காரவெச்சு வரைந்தார். கிழிஞ்ச ஸ்வெட்டர், சாக்பீஸ் கிறுக்கிய சுவர்னு எதையும் அழகுபடுத்தலை. அந்தப் பகுதியின் பழைய குடியிருப்புகள் பின்னாளில் இடிக்கப்பட்டன. இன்னிக்கு அந்த வாழ்க்கைக்கு இவர் ஓவியங்களும் ஒரு சாட்சி.

ஒரே ஊர், ஓராயிரம் முகம்

1950 வாக்கில் காட்டர்லைன் என்ற குட்டி மீனவ கிராமத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், மனசு அங்கேயே தங்கிடுச்சு. குழாய்த் தண்ணீர், கரன்ட் இல்லாத சின்ன வீட்டில் தங்கி, அதே வயல், அதே கடலைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பார்க்கிற இடம் ஒண்ணுதான். ஆனா வெளிச்சமும் பருவமும் மாற மாற, படமும் மாறிக்கிட்டே இருக்கும். காத்துல பறந்துடாம ஈசலைக் கயிறு போட்டுக் கட்டிட்டு, பெரிய பலகைகளில் பெயின்ட்டை அப்பி அப்பி வரைவார். 'சம்மர் ஃபீல்ட்ஸ்' ஓவியத்துல நிஜமான புல்லும் விதையும் பெயின்ட்டோடு ஒட்டியிருக்கும்!

42 வயதில்...

1963-ல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் முழு உறுப்பினரானார். அதே வருஷம் ஆகஸ்ட்டில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவர் அஸ்தி தூவப்பட்டது, அதே காட்டர்லைன் கடற்கரையில்.

ஸ்காட்லாந்து தேசிய கலைக்கூடங்களின் வெப்சைட்டில் இவரோட 'தி வேவ்' (1961) ஓவியம் இருக்கு. போனில் ஜூம் பண்ணிப் பாருங்க. கிட்டப் போனா வெறும் பெயின்ட் கட்டிகள். தள்ளி வந்தா, உங்க மேல மோத வர்ற அலை!