பள்ளியின் நிர்வாகம் யார் கையில்?

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், குன்றக்குடியின் இளைஞர்கள் ஆராய்ந்து தெளிய வேண்டிய வினா ஒன்றுண்டு. பள்ளியை நடத்தும் அதிகாரம் ஊரிடம் இருத்தல் நன்றா, மாநில அரசிடம் இருத்தல் நன்றா, மத்திய அரசிடம் இருத்தல் நன்றா? நம் சமுதாயத்தின் வரலாற்றைக் கொண்டே இதற்கு விடை காண்போம்.

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, தொடக்கக் கல்வியை ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. கேட்பதற்கு இனிய கொள்கையே. ஆனால் ஊர் என்ற சொல்லில் சேரி அடங்கவில்லை. சென்னை மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளுள் 609 மட்டுமே நம் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டன என்பது 1919ஆம் ஆண்டு அரசாணை காட்டும் கணக்கு. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் நம் பகுதியும் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தில் 1931இல் ஆதிக்கச் சாதியார் கூடிப் பதினொரு தடைகள் விதித்தனர். நம் பிள்ளைகள் எழுத்தறியலாகாது, மிராசுதாரர் மாடுகளையே மேய்க்க வேண்டும் என்பனவும் அவற்றுள் அடங்கும். அதுவும் ஊரார் செய்த ஆட்சிதான்!

அவ்வாறாயின் மேலிருக்கும் அரசை மட்டும் நம்பிவிடலாமா? தொழிலாளர் இலாகா நமக்கெனப் பள்ளிகள் திறந்தது உண்மை. ஆயினும் 1953இல், அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்னும் திட்டத்தைக் கொணர்ந்ததும் மாநில அரசே. மக்கள் எதிர்த்தமையால் 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலினின்று பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 2024இல், தேசியக் கல்விக் கொள்கை பற்றிய பிணக்கினால், தமிழகத்திற்குரிய சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. பெரியோர் பிணங்க, இழப்பு ஏழைப் பிள்ளைக்கே.

ஆகவே, அதிகாரம் எங்கிருக்கிறது என்பது பாதி வினாவே. அங்கே நமக்கு இடமுண்டா என்பதே மறுபாதி.

அவ்விடம் இன்று சட்டத்தில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினர்க்கு உரிய விகிதத்தில் இடமுண்டு. தலைமையாசிரியராகிய நாமும் இதில் ஒரு தவறு செய்தோம். வேலைநாள் பிற்பகலில் கூட்டம் வைத்துவிட்டு, நம் தெருப் பெற்றோர்க்கு அக்கறையில்லை என்று நொந்துகொண்டோம். கூலியை விட்டு எவ்வாறு வருவர்? மாலைப் பொழுதிற்கு மாற்றியதும் தாய்மார்கள் வந்தனர். “கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை?” என்பதே அவர்கள் கேட்ட முதற்கேள்வி. அடுத்த கூட்டத்திற்குள் குழாய் பழுதுபார்க்கப்பட்டது.

இளைஞர்களே! அரசாணை கதவைத் திறக்கும். அது மீண்டும் மூடாமல் காப்பவர் வாயிலில் நிற்பவரே. உங்கள் அன்னையரைக் குழுவில் அமர்த்துங்கள். அவர்களுக்குக் கணக்கேட்டைப் படித்துக் காட்டுங்கள். அன்று எழுத்து நமக்குத் தடுக்கப்பட்டது. இன்று பள்ளியின் கணக்கை நாமே படித்துக் கேள்வி கேட்பதுதான் அத்தடைக்கு நாம் தரும் விடை.