பஸ் ரூட் புத்தகம்

மேஜை டிராயரை ஒழித்தபோது அந்தப் பழைய பஸ் ரூட் புத்தகம் கிடைத்தது. உள்ளங்கை அகலம், பழுப்பேறிய தாள், அட்டை எப்போதோ போய்விட்டது. 1974-ல் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த வாரம் பாரிமுனை பிளாட்பாரத்தில் வாங்கினேன். சைக்கிள்கூட இல்லாத எனக்கு ஊரைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அது.

பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்து அப்போது இரண்டு வருஷம்தான். எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஏன் வருகிறது, எங்கே இறங்கி மாறினால் நடை மிச்சம் என்பதெல்லாம் புரிய ஒரு மாதம் ஆயிற்று. 29சி என்றால் பெரம்பூர் - பெசன்ட் நகர் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாதி வழியில் திரும்பிவிடும் ‘கட் சர்வீஸ்’ பற்றி மட்டும் புத்தகம் வாயே திறக்காது. அதைக் கண்டக்டரிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் டிராம் காலத்து மனிதர். 1895-லேயே சென்னையில் மின்சார டிராம் ஓடியது. லண்டன் தெருக்களில் அப்போது குதிரைகள் டிராம் இழுத்துக்கொண்டிருந்தன. இதைச் சொல்லும்போது, ஏதோ அவரே தண்டவாளம் போட்டது போல நிமிர்ந்து உட்காருவார். 1953 ஏப்ரலில் டிராம் நின்றதை வீட்டில் நடந்த துக்கம் மாதிரிதான் பேசுவார்.

டிராம் போனாலும் மின்சார ரயில் இருந்தது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டுதான் பெருத்தன. வாடகை வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா என்பதற்கு முன்பே, ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷ நடை என்றுதான் கேட்போம். கார் இல்லாதவன் என்று ஒருவரையும் தனியாகச் சொன்னதில்லை. யாரிடம் இருந்தது, சொல்வதற்கு?

1983 டிசம்பரில் மாருதி வந்தது. எங்கள் ஆபீஸ் வாசலில் ஒன்று நின்றது, பிறகு நாலு, பிறகு பத்து. நான் வாங்கவில்லை. கொள்கை ஒன்றும் கிடையாது. பெண்ணின் படிப்புச் செலவு இருந்தது, அவ்வளவுதான். கார்கள் பெருகியதில் எனக்கு வருத்தமில்லை. அவற்றுக்கு இடம் விட பிளாட்பாரத்தைச் சுருக்கினார்களே, அதுதான் கோபம். பஸ்ஸில் போகிறவன் முதலில் ஸ்டாப் வரை நடக்க வேண்டுமே!

1995-ல் பறக்கும் ரயில், 2015-ல் மெட்ரோ. இரண்டிலும் போயிருக்கிறேன், மெட்ரோவில் ஏ.சி.யும் லிஃப்டும் சுகம். ஆனால் எங்கள் தெருமுனையிலிருந்து கிளம்புவது பஸ்தான்.

என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க முடியாமல் நான்கு வருஷம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆட்டோதான். பல இடங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். பெண் கார் வாங்கித் தருகிறேன் என்கிறாள். 72 வயதில் ஸ்டியரிங் பிடித்து யார் மேல் ஏற்றச் சொல்கிறாள்?

2024-ல் தாழ்தள பஸ்கள் விட்டார்கள். படி ஏற வேண்டாம், அப்படியே உள்ளே கால் வைக்கலாம். எல்லா ரூட்டிலும் இல்லை. போன வெள்ளிக்கிழமை கபாலி கோயிலுக்குக் கிளம்பி, நிழற்குடையில் உட்கார்ந்து இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்றாவதில் அவளே முதலில் ஏறி ஜன்னல் ஓரம் பிடித்துவிட்டாள்.