எல்லை கடந்த நிறுவன வரித் தகராறுகள்: தவிர்ப்பும் தீர்வும்

ஒரு நிறுவனம் ஈட்டிய ஒரே வருமானத்தின் மீது ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகள் உரிமை கொண்டாடுவதால் எழும் பிணக்கே எல்லை கடந்த நிறுவன வரித் தகராறு. உள்நாட்டு வரி வழக்கில் துறை ஒரு பக்கம், நிறுவனம் மறு பக்கம். மேலே ஒரு நீதிமன்றம் இருக்கிறது, அது சொன்னால் முடிந்தது. இங்கே அப்படி இல்லை. சென்னையில் உள்ள தீர்ப்பாயம் தன் சட்டப்படி சரியாகவே தீர்ப்பளிக்கலாம். ஹெல்சிங்கியில் உள்ள நீதிமன்றமும் தன் சட்டப்படி சரியாகவே தீர்ப்பளிக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே லாபத்துக்கு இரண்டு முறை வரி. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. இரண்டு நாடுகளுக்கும் மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல உலக வரி நீதிமன்றம் என்று ஒன்று கிடையாது. அதனால்தான் இந்தத் துறை முழுவதும் ஒப்பந்தம், பேச்சுவார்த்தை, நடுவர் தீர்ப்பு, முன்கூட்டியே விலை பேசி வைத்தல் ஆகியவற்றை நம்பி நிற்கிறது.

பிணக்கின் வேர்

பெரும்பாலான தகராறுகளின் வேர் விலை. தாய் நிறுவனம் தன் துணை நிறுவனத்துக்கு உதிரிபாகம் விற்கிறது, மென்பொருள் தருகிறது, கடன் கொடுக்கிறது, வணிகப் பெயரைப் பயன்படுத்த விடுகிறது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே குடும்பம் என்பதால் விலையை எப்படியும் வைத்துக்கொள்ளலாம். விலை கூடினால் லாபம் தாய் நிறுவனத்தின் நாட்டுக்குப் போகும். குறைந்தால் துணை நிறுவனம் இருக்கும் நாட்டில் தங்கும். உறவில்லாத இரு வியாபாரிகள் பேசி முடித்திருக்கக்கூடிய விலைதான் சரியான விலை என்பது பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. இந்தியாவில் இதற்கான விரிவான சட்டம் 2001ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தோடு வந்தது. விதி எளிது, நடைமுறைதான் கடினம். உலகில் ஒரே ஒரு நிறுவனம் மட்டும் வைத்திருக்கும் காப்புரிமைக்கு வெளிச்சந்தை விலையை எங்கே போய்த் தேடுவது?

வேறு இரண்டு வேர்களும் உண்டு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு உள்நாட்டில் வரி விதிக்கத்தக்க ‘நிரந்தரத் தொழிலிடம்’ இருக்கிறதா என்பது ஒன்று. அனுப்பிய பணம் ராயல்டியா, வணிக லாபமா, வட்டியா என்ற பெயர்ச்சிக்கல் மற்றொன்று. பெயர் மாறினால் வரி கேட்கும் நாடே மாறிவிடும்.

ஒப்பந்தங்கள் பிறந்த கதை

முதல் உலகப் போருக்குப் பின் வரிவிகிதங்கள் ஏறியபோது இரட்டை வரி வணிகத்தின் கழுத்தை நெரித்தது. நாடுகளின் சங்கம் நான்கு பொருளியலாளர்களிடம் இதை ஆராயச் சொன்னது: நெதர்லாந்தின் புரூயின்ஸ், இத்தாலியின் ஐனாவுதி, அமெரிக்காவின் செலிக்மன், பிரிட்டனின் ஸ்டாம்ப். இவர்களின் அறிக்கை 1923இல் வந்தது; 1928இல் முதல் மாதிரி ஒப்பந்தங்கள் உருவாயின. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 1963இல் தன் மாதிரி வரைவையும், ஐக்கிய நாடுகள் அவை 1980இல் தன் மாதிரியையும் வெளியிட்டன. வருமானம் பிறக்கும் நாட்டுக்குக் கூடுதல் உரிமை தருவது பின்னது. வளரும் நாடுகள் அதன் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

இரு அரசுகள் பேசித் தீர்ப்பது

இந்த மாதிரிகளின் 25ஆம் பிரிவு ‘பரஸ்பர உடன்பாட்டு நடைமுறை’யை வகுக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இதைச் சுருக்கமாக ‘மேப்’ என்பார்கள். ஒப்பந்தத்துக்கு மாறாக வரி விழுந்தது என்று கருதும் நிறுவனம், ஓஇசிடி மாதிரிப்படி முதல் அறிவிப்பிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் இரு நாட்டு அரசுகளும் நியமித்த அதிகாரிகள் தங்களுக்குள் பேசுவார்கள். விண்ணப்பித்த நிறுவனம் அந்த மேசையில் உட்கார முடியாது. கேட்ட தகவலைக் கொடுக்கலாம், முடிவு பிடிக்காவிட்டால் மறுக்கலாம், அவ்வளவுதான்.

இதன் பெரிய பலவீனம் ஒரு சொல்லில் இருக்கிறது. அதிகாரிகள் தீர்வுக்கு ‘முயல வேண்டும்’ என்றுதான் மாதிரி சொல்கிறது. தீர்த்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கிளாக்ஸோஸ்மித்க்ளைன் மருந்து நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சான்று. வயிற்றுப்புண் மருந்தான ஸான்டாக் உள்ளிட்டவற்றின் லாபத்தில் பிரிட்டனுக்கு எவ்வளவு, அமெரிக்காவுக்கு எவ்வளவு என்பதில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் 2006இல் நிறுவனம் அமெரிக்க வரித் துறைக்குச் சுமார் 340 கோடி டாலர் கட்டித் தகராறை முடித்துக்கொண்டது.

ஓஇசிடியும் ஜி20 நாடுகளும் 2015இல் வகுத்த குறைந்தபட்சத் தரம், சராசரியாக 24 மாதங்களுக்குள் இவ்வழக்குகளை முடிக்க இலக்கு வைத்தது. இந்தியாவும் 2020 மே மாதத்தில் தன் விதிகளில் அதே கால அளவைச் சேர்த்தது. விண்ணப்பிப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு விஷயத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டால், இந்திய அதிகாரி பேச்சுவார்த்தையில் அதைவிட்டு விலக மாட்டார். உள்நாட்டு மேல்முறையீட்டை ஓட விடுவதா, நிறுத்தி வைப்பதா என்பதை நிறுவனம் அதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் வழக்கு

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த நடைமுறை தூரத்து விஷயம் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, உலகின் மிகப் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. சுற்று வட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் வேலைக்கு வந்து போனார்கள். வருமானவரித் துறை 2013 ஜனவரியில் அங்கே சோதனை நடத்தியது. மார்ச்சில் சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது. கைபேசியில் ஏற்றும் மென்பொருளுக்காகப் பின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்துக்குப் போன பணம் ராயல்டி, அதில் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருக்க வேண்டும் என்பது துறையின் வாதம். பொருளின் பகுதியாகவே மென்பொருளை வாங்கினோம், அது ராயல்டி ஆகாது என்பது நிறுவனத்தின் வாதம்.

அதே ஆண்டில் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது. வரிப் பாக்கிக்காகச் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால் சென்னை ஆலையைக் கைமாற்ற முடியவில்லை. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது ஆலை மட்டும் தனித்து நின்றது. வாங்குவதற்கு ஆளில்லாமல் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. சந்தையில் நோக்கியா சரிந்துகொண்டிருந்ததும் காரணம்தான். வரித் தகராறு ஒன்றே ஆலையை மூடியது என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் கைமாறும் வாய்ப்பை அடைத்தது அதுவே. இந்தியாவும் பின்லாந்தும் பரஸ்பர நடைமுறையின் கீழ் பேசி, 2018இல் நோக்கியா சுமார் 20.2 கோடி யூரோ கட்டி விவகாரத்தை முடித்தது. அரசுக்கு வரி வந்தது, நிறுவனத்துக்கு நிம்மதி வந்தது. வேலையிழந்தவர்களுக்கு அந்தத் தீர்வு நான்கு ஆண்டுகள் தாமதம். தாமதத்தின் விலை எந்த ஒப்பந்தப் பிரிவிலும் கணக்கிடப்படுவதில்லை என்பதே இத்துறையின் ஆறாத குறை. மென்பொருள் ராயல்டியா என்ற பொதுக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2 அன்று, வேறு நிறுவனங்களின் வழக்குகளில், விடை சொன்னது: வெறும் பயன்பாட்டு உரிமத்தோடு விற்கப்படும் மென்பொருளுக்கான விலை ராயல்டி ஆகாது.

நடுவர் தீர்ப்பு

பேச்சு முடியாவிட்டால் மூன்றாமவரிடம் போக வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஐரோப்பா முதலில் உருவம் கொடுத்தது. 1990இல் கையெழுத்தான நடுவர் உடன்படிக்கை 1995இல் நடப்புக்கு வந்தது. 2017இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு அதன் பரப்பை விரித்தது. ஓஇசிடி 2008இல் தன் 25ஆம் பிரிவில் கட்டாய நடுவர் தீர்ப்பைச் சேர்த்தது. அமெரிக்காவும் கனடாவும் பின்பற்றும் முறை சுவையானது: இரு நாடுகளும் தலைக்கு ஒரு தொகையைச் சொல்ல வேண்டும், நடுவர்கள் அவற்றில் ஒன்றை அப்படியே தேர்ந்தெடுப்பார்கள், நடுவில் வெட்ட மாட்டார்கள். மிகையாகக் கேட்பவர் தோற்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் இரு பக்கமும் நியாயத்தை நோக்கி நகரும்.

இந்தியா இந்த வழியை ஏற்கவில்லை. 2017 ஜூன் 7 அன்று பாரிஸில் பல நாடுகளோடு சேர்ந்து கையெழுத்திட்ட பன்முக வரி ஒப்பந்தத்திலும் நடுவர் தீர்ப்புப் பகுதியைத் தவிர்த்தது. வரி விதிப்பது இறையாண்மை, அதை வெளியாள் கையில் கொடுக்க முடியாது என்பதே காரணம். ஆனால் முன்வாசலை மூடியபோது வழக்கு முதலீட்டு ஒப்பந்தம் என்ற பக்கவாசல் வழியே வந்தது. வோடபோன் 2007இல் கேமன் தீவு நிறுவனம் ஒன்றின் பங்கை வாங்கி, அதன் மூலம் இந்தியக் கைபேசித் தொழிலைக் கைப்பற்றியது. வரி கிடையாது என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நாடாளுமன்றம் பழைய தேதியிலிருந்து செல்லும்படி சட்டத்தைத் திருத்தியது. நெதர்லாந்து முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் வோடபோனும், அதே திருத்தத்தால் வரி கேட்கப்பட்ட கெய்ர்ன் எனர்ஜி பிரிட்டன் ஒப்பந்தத்தின் கீழும் நடுவர்களிடம் போயின. 2020இல் இரண்டிலும் இந்தியா தோற்றது. கெய்ர்னுக்கு 120 கோடி டாலர் இழப்பீடு. பாரிஸில் இந்திய அரசின் சொத்துகளை முடக்க உத்தரவு வாங்கும் அளவுக்குப் போனது விவகாரம். 2021 ஆகஸ்டில் அந்தப் பின்தேதி வரிக் கோரிக்கைகளைக் கைவிடச் சட்டம் வந்தது.

முன்கூட்டியே பேசி வைத்தல்

வழக்கு வந்தபின் தீர்ப்பதைவிட வராமல் பார்ப்பது மலிவு. 1987இல் ஜப்பானும் 1991இல் அமெரிக்காவும் தொடங்கிய முன்விலை உடன்பாடு இதற்கான முதன்மைக் கருவி. வரும் ஆண்டுகளில் குழும நிறுவனங்களுக்கு இடையே என்ன முறையில் விலை வைப்போம் என்பதைக் கணக்குகளோடு வரித் துறையிடம் முன்னதாகவே எடுத்துச் சொல்லி ஒப்புதல் வாங்குவதுதான் இது. இந்தியாவில் 2012 ஜூலையில் நடப்புக்கு வந்தது. ஐந்து ஆண்டுகள் வரை செல்லும். பின்னர் சேர்த்த விதியால் கடந்த நான்கு ஆண்டுகளுக்கும் நீட்டலாம். 2024-25 நிதியாண்டில் மட்டும் 174 உடன்பாடுகள் கையெழுத்தாகி, மொத்தம் 815ஐத் தொட்டது. இவற்றில் பெரும்பாலானவை ஒருதரப்பு உடன்பாடுகள். அவை இந்திய அரசை மட்டுமே கட்டும். இரட்டை வரியிலிருந்து உண்மையான காப்பு இருதரப்பு உடன்பாட்டில்தான் கிடைக்கும். அதற்குக் காத்திருப்பு நீளம்.

விண்ணப்பக் கட்டணமே 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரை ஆவதால் சிறிய நிறுவனங்கள் இந்த வாசலில் தயங்குகின்றன. இதற்கு மாற்றாக 2013இல் ‘பாதுகாப்பு வரம்பு’ விதிகள் வந்தன: அரசு குறித்த லாப விகிதத்தைக் காட்டினால் விலையை யாரும் கிளற மாட்டார்கள். ஆனால் அதை ஏற்றுக்கொண்ட நிறுவனம் அந்த விலை பற்றிப் பரஸ்பர உடன்பாட்டு நடைமுறைக்குப் போக முடியாது. மறுபக்க நாடு அதே விலையை மறுத்து வரி போட்டால், அந்தச் சுமையை நிறுவனமே சுமக்க வேண்டும்.